பந்து குழி வரைக்கும் போகவே மாட்டேங்குது: ஸ்லோ கிரீன் பெரிய ஆளுங்களையே ஏன் கவுக்குது?

2015 ஜூலை 20, திங்கட்கிழமை. ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ்ங்கிற கோல்ஃப் மைதானம். ஞாயித்துக்கிழமையே முடிஞ்சிருக்க வேண்டிய தி ஓப்பன் (மேஜர்னு சொல்ற நாலு பெரிய கோல்ஃப் போட்டியில ஒண்ணு), மழையும் காத்தும் இழுத்தடிச்சதுல திங்கட்கிழமைக்கு வந்து நிக்குது. ஜோர்டன் ஸ்பீத்துக்கு அப்போ 21 வயசுதான். ஏப்ரல்ல மாஸ்டர்ஸ் ஜெயிச்சாச்சு, ஜூன்ல யுஎஸ் ஓப்பனும் ஜெயிச்சாச்சு (ரெண்டுமே மேஜர்), இதையும் அடிச்சா ஒரே வருஷத்துல மூணு, 1953ல பென் ஹோகன் செஞ்சதை திரும்ப செஞ்ச மாதிரி. அப்படி இருக்கும்போது எட்டாவது குழி, ஒரு சாதா பார் 3 (மூணு ஸ்ட்ரோக்ல முடிக்க வேண்டிய குழி), டீ ஷாட், அதாவது முதல் ஸ்ட்ரோக், கிரீன்ல (குழியைச் சுத்தி புல்லை ஒட்ட வெட்டின தரை) விழுந்துடுச்சு ஆனா குழியிலேர்ந்து ரொம்ப தூரத்துல. முதல் பட் (கிரீன்ல பந்தை உருட்டுற தட்டு) குழியைத் தாண்டி ஓடிடுச்சு. அப்புறம் இன்னொண்ணு, இன்னொண்ணு, இன்னொண்ணு. மொத்தம் நாலு பட். டபுள் போகி, அதாவது பாரை விட ரெண்டு ஸ்ட்ரோக் கூட (ஒண்ணு கூடினா போகி). கடைசியில ஒரே ஒரு ஸ்ட்ரோக்ல ப்ளேஆஃப் (முதல் எடத்துல சமமா முடிச்சவங்க ஆடற தீர்ப்பு ஆட்டம்) கை நழுவிப் போச்சு.

அந்த வருஷம் உலகத்துலயே நல்லா பட்டிங் பண்றவர்னு ஸ்பீத்தைத்தான் சொல்லிட்டு இருந்தாங்க (பட்டர்னா இங்க வெண்ணெய் இல்லீங்க, கிரீன்ல பந்தைத் தட்டி உருட்டுற அந்தக் குச்சி, அதனால ஆடுறதுதான் பட்டிங்). அதே ஆளு அதே வாரம் ரெண்டாவது ரவுண்ட்ல 37 பட் எடுத்தாரு, அதுல அஞ்சு த்ரீ-பட் (ஒரே குழிக்கு மூணு பட்). மேட்ச் முடிஞ்சு கேட்டப்போ டிரைவ் சரியில்ல அயர்ன் சரியில்லன்னு எதுவும் சொல்லல, பட்டிங்ல வேகத்தை கன்ட்ரோல் பண்ண முடியாம போனதுதான் காலை வாரிடுச்சுன்னு சொன்னாரு. திசை இல்ல, வேகம். இதை கவனிச்சுக்கோங்க, மொத்த மேட்டரும் அங்கதான் இருக்கு.

கோல்ஃப் ஆடாதவங்களுக்கு கிரீன் ஸ்பீடுன்னா என்னன்னு கேரம் போர்டு வச்சு சொன்னா டக்குனு புரியும். போரிக் பவுடர் போட்டு நல்லா தேச்ச போர்டுல ஸ்ட்ரைக்கரை லேசா சுண்டினாலே காயின் போய் பாக்கெட்ல விழும். அதே கையோட மழைக்காலத்துல பக்கத்து வீட்டு போர்டுல, பவுடர் இல்லாம, கொஞ்சம் நமுத்துப் போன பலகையில ஆடிப் பாருங்க, ஸ்ட்ரைக்கர் பாதியிலயே நின்னு மானத்தை வாங்கும். உங்க ஆட்டம் ஒரே ராத்திரியில மோசமாகல. விரலுக்கு பழக்கமான போர்டு மாறிடுச்சு, அவ்ளோதான். கிரீனும் அப்படித்தான், ஆனா அங்க பலகைக்கு பதிலா உயிருள்ள புல்லு, அது காலையில ஒரு மாதிரி சாயங்காலம் ஒரு மாதிரி இருக்கும்.

இந்த வேகத்தை அளக்க ஒரு கருவி இருக்கு, ஸ்டிம்ப்மீட்டர்னு பேரு. கருவின்னு சொன்னதும் பேட்டரி, டிஸ்ப்ளேன்னு கற்பனை பண்ணாதீங்க, 36 இன்ச் நீள அலுமினியக் கம்பி, நடுவுல ஒரு பள்ளம், ஒரு பக்கமா பந்து உக்கார ஒரு வெட்டு. கம்பியோட ஒரு முனையை தரையில வச்சுட்டு மறு முனையை மெதுவா தூக்கினா சுமார் 20 டிகிரி வந்ததும் பந்து தானா கழண்டு உருளும். எத்தனை அடி உருளுதுன்னு பாக்கணும். ஒரு பக்கமா மூணு பந்து, திருப்பி அதே பாதையில எதிர்ப்பக்கமா மூணு பந்து, சராசரி எடு. பத்து அடி ஓடினா ஸ்டிம்ப் 10. முடிஞ்சுது. 1935ல ஓக்மான்ட்ல யுஎஸ் ஓப்பன் நடந்தப்போ ஜீன் சாரசன் தட்டின ஒரு பட் கிரீனை விட்டே வெளிய ஓடி பங்கர்ல (மணல் பள்ளம்) விழுந்ததைப் பார்த்துட்டு எட்வர்ட் ஸ்டிம்ப்சன்னு ஒரு அமெச்சூர் பிளேயர், இந்த கிரீன் நியாயத்துக்கு மீறி வேகமா இருக்கு, ஆனா இதை எப்படி நிரூபிக்கிறதுன்னு யோசிச்சு மரத்துல செஞ்சது இது. அப்புறம் 1976ல யுஎஸ்ஜிஏ (அமெரிக்க கோல்ஃப் சங்கம்) அதை அலுமினியத்துல திருத்தி செஞ்சு, 1978லேர்ந்து கிளப்புகளுக்கு கொடுக்க ஆரம்பிச்சாங்க.

அதுக்கு முந்தி யுஎஸ்ஜிஏ ஆளுங்க அமெரிக்கா பூரா சுத்தி ஆயிரத்துக்கு மேல கிரீன்களை அளந்து பார்த்தாங்க, சராசரி ஆறரை அடிதான் வந்துச்சு. இன்னைக்கு ஆறரை அடி கிரீன்ல ஆடச் சொன்னா டோர் பிளேயர்லாம் (தொழில்முறை ஆட்டக்காரங்க) ஃபேர்வேயில (கிரீனுக்கு வர்ற வழியில இருக்கற புல்வெளி) ஆடுறோமான்னு கேப்பாங்க. இப்போ பிஜிஏ டோர்ல வாராவாரம் 11, 12 சர்வ சாதாரணம், மாஸ்டர்ஸ் நடக்கற அகஸ்டா அதுக்கும் மேலன்னு எல்லாரும் பேசிப்பாங்க, கிளப்பு மட்டும் நம்பரை வெளிய விடறதே இல்ல. தி ஓப்பன்ல பெரும்பாலும் பத்து, பத்தரை. ஆக நாம ஸ்லோன்னு திட்டுற கிரீன் எங்க தாத்தா காலத்து கணக்குல பறக்குற கிரீன்.

இப்போ ஒரு விஷயம் சொல்றேன், கேட்டா கொஞ்சம் கடுப்பா இருக்கும். கணக்குப்படி பார்த்தா ஸ்லோ கிரீன்தான் ஈஸி.

நூத்துக்கு ரெண்டு அடி ஏறுற சரிவு இருக்குன்னு வச்சுக்கோங்க, கண்ணுக்கு லேசாத்தான் தெரியும். சமதரையில 12 அடி ஓடற அளவுக்கு ஒரு தட்டு. ஸ்டிம்ப் 12 கிரீன்ல அதே தட்டு மேட்டுப் பக்கமா தட்டினா சுமார் 9 அடி போகும், பள்ளத்துப் பக்கமா தட்டினா 17 அடிக்கு மேல ஓடும். கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வித்தியாசம். இப்போ ஸ்டிம்ப் 8 கிரீனுக்கு வாங்க, சமதரையில 8 அடி ஓடற தட்டு மேட்டுல ஆறரை அடி, பள்ளத்துல 10 அடி. ஒண்ணரை மடங்குதான். அதாவது கிரீன் மெதுவாக ஆக சரிவோட ஆட்டம் அடங்கிடும், பந்து வளையறதும் குறையும், கீழ்நோக்கி தட்டும்போது அடிவயித்துல வர்ற அந்த பயமும் குறையும். வேகமான கிரீன்ல என்ன நடக்கும்னு தெரியணும்னா 2018 யுஎஸ் ஓப்பன்ல, ஷின்னகாக்ல ஃபில் மிக்கல்சன் பண்ணினதை ஞாபகப்படுத்திக்கோங்க, 13வது கிரீன்ல பந்து குழியைத் தாண்டி நிக்காம ஓடுதுன்னு பின்னாடியே ஓடிப்போய் ஓடுற பந்தையே திருப்பி அடிச்சாரு, ரெண்டு ஸ்ட்ரோக் பெனால்டி, அந்தக் குழியில மட்டும் 10. ஸ்லோ கிரீன்ல இந்த மாதிரி கூத்து நடக்க வாய்ப்பே இல்ல.

அப்போ ஏன்யா எல்லாரும் ஸ்லோ கிரீன்னா புலம்புறாங்க?

கிரீன் மெதுவா இருக்கறதுல பிரச்சினை இல்ல, அது மாறினதுலதான் பிரச்சினை. அஞ்சு மாசம் 12ல ஆடின கைக்கு 30 அடி பட்னா இவ்ளோ பின்னாடி இழுக்கணும்னு ஒரு அளவு உள்ள பதிஞ்சு போயிருக்கும், அதை யாரும் யோசிச்சு செய்யறதில்ல. காலிக் குடம்னு நெனச்சு தண்ணி நிறைஞ்ச குடத்தைத் தூக்கினா எப்படி கை பாதியில திகைச்சு நிக்குதோ அதே கதைதான். மூளைக்கு தெரியும் இது ஸ்லோன்னு, காலையிலேயே நோட்டீஸ் போர்டுல நம்பர் போட்டிருக்கான், கேடியும் (கோல்ஃப் பையைத் தூக்கிட்டு கூடவே வர்ற உதவியாளர்) சொல்லிட்டான், ஆனா கைக்கு தெரியாது. அதுலயும் வேடிக்கை என்னன்னா கண்ணு கிரீனைப் பார்த்து எடை போடும்போது சரிவைத்தான் பெருசா பாக்கும், புல்லு எவ்ளோ இழுக்கும்னு கண்ணுக்கு தெரியாது. அதனால பழைய வளைவுக்கு குறி வச்சு, பழைய பலத்துல தட்டி, பந்து குழிக்கு மேல்பக்கமா நாலு அடி குறைச்சலா போய் நிக்கும். ஒரே பட்ல ரெண்டு தப்பு.

சொந்தக் கதை ஒண்ணு. நான் ஆடுறது ஹேண்டிகேப் 19 (பாரை விட சுமார் 19 ஸ்ட்ரோக் கூட எடுக்கற ஆளு), பெருமையா சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. போன வருஷம் ஒரு கிளப்புல மன்த்லி மெடல்னு மாசப் போட்டி, ராத்திரி பூரா மழை, காலையில ஆறரைக்கு டீ டைம். கிரீன்ல கால் வச்சா ஷூ தடம் அப்படியே தெரியுது, பனியும் மழைத்தண்ணியும் சேர்ந்து வெள்ளையா பூத்துக் கெடக்கு. முதல் கிரீன்ல 25 அடி, லேசா மேடு. தட்டினேன், பந்து பின்னாடி தண்ணியை சிதறடிச்சுட்டே போய் ஏழு அடி முன்னாடி நின்னுடுச்சு, புல்லு மேல கோடு போட்ட மாதிரி அதோட தடம் மட்டும் நேரா குழியைப் பார்த்து இருக்கு. கேடி அண்ணன் அமைதியா சொன்னாரு, "சார், லைன் கரெக்ட்டு சார், நீங்க நேத்து கிரீனுக்கு தட்டினீங்க". ரெண்டாவது கிரீன்ல வேகத்தை ஏத்தினேன், ஆனா அது கொஞ்சம் மேட்டுல காத்து பட்டு காஞ்ச கிரீன், பந்து எட்டு அடி தாண்டிப் போச்சு. "இது இன்னிக்கு கிரீன் சார்"னாரு. சிரிக்கவும் முடியல. அன்னைக்கு மொத்தம் 43 பட். அதுல எத்தனை அசிங்கமா அடிச்சதுன்னு பார்த்தா ஒரு அஞ்சாறு இருக்கும், மிச்சம் எல்லாமே நேராத்தான் போச்சு, தூரம்தான் வரல.

குறைச்சலா நிக்கறது எவ்ளோ காஸ்ட்லின்னு ஒரு கணக்கு இருக்கு. டோர் பிளேயர்களே மூணு அடியிலேர்ந்து கிட்டத்தட்ட தவறவே மாட்டாங்க, ஆறு அடின்னா மூணுக்கு ரெண்டுதான் போகும், எட்டு அடிக்கு வந்தா பாதிக்குப் பாதி. அதாவது முதல் பட் மூணு அடிக்குள்ள நின்னா ராஜா, ஆறு எட்டு அடியில நின்னா பூவா தலையா. நடுவுல இருக்கற அந்த நாலஞ்சு அடிதான் ஸ்லோ கிரீனுக்கு பழகாத கை விடற தூரம். ஸ்பீத்தோட 37 பட் எங்கேர்ந்து வந்துச்சுன்னு இப்போ புரியுதா.

சரி, தி ஓப்பன் இவ்ளோ பெரிய டோர்னமென்ட், காசுக்கு பஞ்சமில்ல, ஆளுங்களுக்கு பஞ்சமில்ல, ஏன் கிரீனை வேகமா வைக்கல? காத்து. அவ்ளோதான் பதில். லிங்க்ஸ் கோர்ஸ்னா கடலோர மணல்மேடு, மரம் கிடையாது, மறைப்பு கிடையாது. புல்லை ஒட்ட வெட்டி உருட்டி 12க்கு கொண்டு போனா சரிவுல நிக்கற பந்து காத்து அடிச்சா தானா கெளம்பிடும். 2015 சனிக்கிழமை அதேதான் நடந்துச்சு, கிரீனை அடக்கித்தான் வச்சிருந்தாங்க, அப்படியும் காலையில ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கி அரை மணி நேரத்துல பந்துங்க கிரீன்ல நிக்க மாட்டேன்னு அடம்பிடிச்சு, பத்தரை மணி நேரம் ஆட்டமே நடக்கல. மோசமா இருந்தது ஈடன் கழிமுகத்தை ஒட்டின 11வது கிரீன். அந்த கிரீனுக்கு ஒரு பின்கதையும் இருக்கு, அதோட பின்பக்க சரிவு இந்தக் காலத்து வேகத்துக்கு ரொம்ப செங்குத்து, குழி வைக்க எடமே இல்லன்னு அந்த ஓப்பனுக்கு முன்னாடி கொஞ்சம் தாழ்த்தி சமப்படுத்தினாங்க. ஓல்ட் கோர்ஸ்ல கை வைக்கிறதான்னு ஊரே கத்துச்சு. என்னைக் கேட்டா கத்தினவங்க பக்கம்தான் நியாயம், சரிவு தப்பில்ல, அந்த சரிவு பொறந்தப்போ புல்லு இவ்ளோ ஒட்ட வெட்டப்படல, வேகத்தைக் கொஞ்சம் குறைச்சிருந்தா போதும். ஆனா இப்போ டிவியில பந்து கண்ணாடி மேல போற மாதிரி போகணும்னு எல்லாருக்கும் ஆசை.

அகஸ்டாவே 1980 வரைக்கும் பெர்முடா புல்லுதான், 1981 மாஸ்டர்ஸ்லேர்ந்துதான் பென்ட் புல்லு, அது மெல்லிசு, பந்து வேகமா ஓடும். பழைய ஃபிலிம் கெடைச்சா பாருங்க, பில்லி காஸ்பர் மாதிரி ஆளுங்க மணிக்கட்டை வச்சு டப்புனு கொத்துற மாதிரி தட்டுவாங்க. இப்போ பார்த்தா ஸ்கூல் பையன் மாதிரி தோணும், ஆனா அந்தக் காலத்து அடர்த்தியான புல்லுல பந்தைக் கெளப்ப அந்தக் கொத்து தேவைப்பட்டுச்சு. கிரீன் வேகமாக ஆக மணிக்கட்டு பூட்டிக்கிச்சு, தோள் மட்டும் ஊஞ்சல் மாதிரி ஆடற இன்னைக்கு ஸ்டைல் வந்துச்சு. இந்த ஸ்டைல்காரங்களை திரும்ப ஸ்லோ கிரீன்ல விட்டா பலத்துக்கு எங்க போவாங்க? ஊஞ்சலை இன்னும் நீளமா ஆட்டணும், நீளம் கூடினா பட்டர் முகம் நேரா வர்றது கஷ்டமாகும், இல்லன்னா கடைசி நிமிஷத்துல கையால ஒரு குத்து விடணும், அந்தக் குத்துல அளவு இருக்காது. ரெண்டுமே வம்பு.

டைகர் வுட்ஸ் கதையைப் பாருங்க. 2013 தி ஓப்பன், மியூர்ஃபீல்ட். முதல் நாள் கோர்ஸ் வறண்டு கெடந்துச்சு, கிரீன் காஞ்சு போய் ஆடவே முடியல, குழி வச்ச எடமெல்லாம் அநியாயம்னு மிக்கல்சன்லேர்ந்து இயன் போல்ட்டர் வரைக்கும் கத்தினாங்க. அதுக்கப்புறம் கிரீனுக்கு தண்ணி விட்டாங்க. வழக்கமா ஒரு மேஜர்ல வியாழன்லேர்ந்து ஞாயிறு வரைக்கும் கிரீன் வேகம் ஏறிக்கிட்டே போகும், அங்க உல்ட்டா, நாளுக்கு நாள் குறைஞ்சுது. கடைசி நாள் முன்னணியில இருந்த லீ வெஸ்ட்வுட்டுக்கு ரெண்டே ஸ்ட்ரோக் பின்னாடி இருந்த டைகர் 74 அடிச்சு ஆறாவது எடத்துல சமமா முடிச்சாரு. வேகத்தைப் பிடிக்கவே முடியல, கிரீன் தினம் மெதுவாயிட்டே போச்சுன்னு அவரே சொன்னாரு. அதே கிரீன்ல அன்னைக்கு மிக்கல்சன் 66, கோப்பை. மிக்கல்சனுக்கு ஒரு அனுகூலம், முந்தின வாரம்தான் ஸ்காட்டிஷ் ஓப்பனை காசில் ஸ்டூவர்ட்ல ஆடி ஜெயிச்சுட்டு வந்திருந்தாரு, அதுவும் லிங்க்ஸ், கையில ஏற்கனவே அந்த ஊரு அளவு ஏறியிருந்துச்சு.

இதைப் பார்த்துட்டு சரி, ஒரு வாரம் முன்னாடியே போயி பழகிட்டா போதும், ஸ்பீத் அதை செய்யாததுதான் தப்புன்னு 2015ல நெறைய பேர் எழுதினாங்க. அவரு முந்தின வாரம் அமெரிக்காவுல ஜான் டியர் கிளாசிக் ஆடி ஜெயிச்சுட்டு கடைசி நேரத்துலதான் வந்தாரு, அது உண்மை. ஆனா அந்த ஓப்பனை ஜெயிச்ச ஜாக் ஜான்சனும் அதே ஜான் டியர்லதான் ஆடிட்டு வந்தாரு! இந்த இடத்துல அந்த தியரி கொஞ்சம் நொண்டுது. இன்னொண்ணும் இருக்கு, அந்த ஜூன்ல சேம்பர்ஸ் பே யுஎஸ் ஓப்பன்ல கிரீன் அவ்ளோ கேவலமா இருந்துச்சு, ஹென்ரிக் ஸ்டென்சன் ப்ரோக்கோலி மேல பட் பண்ற மாதிரி இருக்குன்னாரு, ரோரி மெக்கில்ராய் அதுக்கு இல்ல இல்ல, அவ்ளோ பச்சை இல்ல, காலிஃபிளவர்னாரு. அந்த காலிஃபிளவர் தோட்டத்துல ஜெயிச்சது இதே ஸ்பீத்துதான். அதனால வேகமான கிரீன்ல மட்டும் ஆடத் தெரிஞ்ச பையன்னு அவரை ஒதுக்கிட முடியாது.

நான் நெனக்கிறது வேற. ஓல்ட் கோர்ஸோட கிரீன் அளவுதான் வில்லன். அங்க 18 குழிக்கு மொத்தம் 11 கிரீன்தான், அதுல ஏழு டபுள் கிரீன், போற வழி குழி ஒண்ணும் வர்ற வழி குழி ஒண்ணும் ஒரே கிரீன்ல இருக்கும், ரெண்டு குழி நம்பரையும் கூட்டினா எப்பவும் 18 வரும் (எட்டாவது குழிக்கு ஜோடி பத்து, ரெண்டுக்கு பதினாறு). மைதானம் மாதிரி இருக்கற கிரீன். கிரீன்ல பந்து இருக்குன்னு ஸ்கோர் கார்டு சொல்லும், ஆனா குழி எங்கயோ தூரத்துல இருக்கும். 20 அடி பட்ல வேகத்தை நூத்துக்கு பத்து தப்பா கணிச்சா பந்து நாலு அடி தள்ளி நிக்கும், ஏன்னா தட்டுற வேகத்துல வர்ற தப்பு தூரத்துல ரெண்டு மடங்காகும். அதே தப்பு 90 அடி பட்ல? 18 அடி. அங்கேர்ந்து யாரா இருந்தாலும் மூணு பட் பக்கம்தான். அமெரிக்க கோர்ஸ்ல 90 அடி பட் வர்றதே அபூர்வம், அதனால அளவு லேசா பிசகியிருந்தாலும் வெளிய தெரியாது. இங்க பூதக்கண்ணாடி வச்சு காட்டிடும். இதுல வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொடங்கி சனிக்கிழமை அந்தக் காத்துக்கு நடுவுல முடிச்ச ரவுண்டுதான் அந்த 37 பட். ரெண்டு நாள் குறைச்சலா விட்டு விட்டு கடுப்பானவன் மூணாவது நாள் கூட்டித் தட்டுவான், மனுஷ புத்தி அது, திங்கட்கிழமை எட்டாவது கிரீன்ல தாண்டி ஓடின பட்டை நான் அப்படித்தான் பாக்கறேன்.

ஏழு வருஷம் கழிச்சு, 2022, அதே ஊரு, 150வது ஓப்பன். அந்த வருஷம் தரை எப்படி காஞ்சிருந்துச்சுன்னா பிராக்டிஸ் ஆடின டைகர், ஃபேர்வே கிரீனை விட வேகமா இருக்குன்னு சொன்னாரு. யோசிச்சுப் பாருங்க, 40 அடி தூரத்துல வெளியிலேர்ந்து பட்டரால தட்டினா பந்து முதல்ல வேகமா ஓடி கிரீனுக்குள்ள வந்ததும் பிரேக் போட்ட மாதிரி ஆகும், ஒரே பட்டுக்கு ரெண்டு வேகம். கடைசி நாள் ரோரி மெக்கில்ராய் ஹோவ்லண்டோட சேர்ந்து முன்னணி, நாலு ஸ்ட்ரோக் பின்னாடி கேமரன் ஸ்மித். ரோரி அன்னைக்கு 18 குழியிலயும் கிரீனை ஒழுங்கா பிடிச்சாரு, ஒண்ணு விடல. ஒவ்வொரு கிரீன்லயும் ரெண்டு பட். கூட்டிப் பாருங்க, 36. பார் 5 அஞ்சாவதுல ரெண்டுல ஏறி ரெண்டு பட், பத்தாவதுல ஒரே அடியில ஏறி ரெண்டு பட், அந்த ரெண்டு பர்டிதான் (பாரை விட ஒரு ஸ்ட்ரோக் கம்மி), 70. போகியே இல்லாத ரவுண்ட், தோத்துட்டாரு. த்ரீ-பட் வரக்கூடாதுன்னு வேகத்தை அளந்து அளந்து தட்டினா பந்து குழி வாசல் வரைக்கும் வந்து செத்துப் போகும், உள்ள போகாது. ஸ்லோ கிரீனோட இன்னொரு குணம் இது, கடைசி ஒரு அடியில பந்து சட்டுனு சோர்ந்து போகும், அந்த நேரத்துல குழியைச் சுத்தி காலடி பட்டு மேடு பள்ளமான புல்லு அதை எந்தப் பக்கம் வேணா தள்ளும். ஸ்மித் பத்தாவதுலேர்ந்து பதினாலு வரைக்கும் வரிசையா அஞ்சு பர்டி, 64, மொத்தம் 20 அண்டர் (பாரை விட 20 கம்மி). அவரு பட்டெல்லாம் குழியோட பின் சுவத்தை இடிக்கப் போற மாதிரி போச்சு. இதை வச்சு ரோரி ஸ்லோ கிரீன்னாலதான் தோத்தாருன்னு சொன்னா அது ஓவர், அன்னைக்கு ஸ்மித் ஆடின ஆட்டத்துக்கு யாரும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. ஆனாலும் அந்த 36ஐ நெனச்சா ஒரு மாதிரி இருக்கு.

சரி இதுக்கு என்னதான் பண்றாங்க? ரவுண்டுக்கு நடுவுல, ஆடிட்டு இருக்கற குழியோட கிரீனை சோதிக்க ரூல் விடாது, பந்தை உருட்டிப் பாக்கறது, புல்லைத் தேச்சுப் பாக்கறது ரெண்டும் தப்பு, அதுக்கு பெனால்டி உண்டு. அதனால பிராக்டிஸ் கிரீன்ல கெடைக்கற அரை மணி நேரம்தான் எல்லாம், அந்த கிரீனும் கோர்ஸ் கிரீனும் ஒரே வேகத்துல இருக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. விவரமானவங்க அங்க குழியைப் பார்த்து ஆட மாட்டாங்க, 20 அடி, 40 அடி, 60 அடின்னு வெறும் தூரத்துக்கு தட்டிட்டே இருப்பாங்க, பந்து நிக்கறதுக்கு முன்னாடியே எங்க நிக்கும்னு மனசுல சொல்லிப் பார்த்து அப்புறம் தலையைத் தூக்குவாங்க. எனக்கு கேடி அண்ணன் சொல்லிக் கொடுத்த வித்தை இதைவிட சிம்பிள், பலமா தட்டாத, குழியைத் தள்ளி வை. 12ல பழகினவன் 9ல ஆடினா 30 அடி பட்டை 40 அடின்னு நெனச்சு தட்டணும், குழிக்கு பின்னாடி பத்து அடி தள்ளி இன்னொரு குழி இருக்கற மாதிரி கண்ணுல வரைஞ்சுக்கணும். கணக்கு போட்டுப் பார்த்தேன், கரெக்டா வருது, பன்னெண்டை ஒன்பதால வகுத்து முப்பதால பெருக்கினா நாப்பது. அவரு பள்ளிக்கூடம் பாதியில விட்டவரு. வளைவுக்கும் அதே கணக்கு திருப்பிப் போடலாம், ஒரு அடி வளையும்னு தோணினா முக்கால் அடிக்கு குறி வை.

இந்தக் கணக்கெல்லாம் தெரிஞ்சும் கை கேக்காத நாளுங்க இருக்கு. ஆனா திடீர்னு கேக்கற நாளும் இருக்கு. அந்தத் திங்கட்கிழமை எட்டாவதுல நாலு பட் எடுத்த ஸ்பீத் அடுத்த ரெண்டு குழியிலயும் பர்டி அடிச்சாரு. பதினாறாவதுல ஒரு நீளமான பட், குறைச்சலாத்தான் நிக்கும்னு டிவி முன்னாடி உக்காந்திருந்த நானே முடிவு பண்ணிட்டேன், அது உருண்டு உருண்டு போய் உள்ள விழுந்துச்சு, முதல் எடத்துக்கு சமமா வந்துட்டாரு. பதினேழுல ஏழெட்டு அடி பார் பட், போகல. அவருக்கு முன்னாடியே ஆடி முடிச்ச ஜாக் ஜான்சன் பதினெட்டாவது கிரீன்ல ஏறக்குறைய 30 அடியிலேர்ந்து தட்டினாரு, மழை ஈரம் காயாத அதே கிரீன், பந்து சரியா குழி வரைக்கும் வந்து விழுந்துச்சு, அவரும் கேடியும் குதிச்ச குதி இருக்கே.